கதிர்வீச்சு வகைகளும் பயிர்களின் வளர்ச்சி, இனப்பெருக்கமும்: திண்டிவனம் வட்டார நிலக்கடலை, எள் பயிர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

‘கதிர்வீச்சு’ என்னும் ஒரே சொல்லால் ஞாயிற்றின் ஒளி, புற ஊதாக் கதிர், அலைபேசிக் கோபுர அலை, காமாக் கதிர், நியூட்ரான் ஆகிய அனைத்தும் குறிக்கப்படுகின்றன. இவை தாவரத்தினுள் செயற்படும் முறைகள் ஒன்றுக்கொன்று அடிப்படையிலேயே வேறுபட்டவை. சில வகைகள் தாவரத்திற்குச் செய்தியாகவும், சில உணவாக்கத்திற்கான ஆற்றலாகவும், சில மரபுப் பொருளைச் சிதைக்கும் விசையாகவும் அமைகின்றன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் முதன்மை எண்ணெய்வித்துப் பயிர்களான நிலக்கடலையையும் எள்ளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வேறுபாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. கதிரூட்டிய விதையின் முதல் தலைமுறையில் காணப்படும் மாற்றங்களுக்கும், மரபுவழித் தொடரும் சடுதிமாற்றத்திற்கும் இடையேயான வேறுபாடு ஆய்வேடுகளில் தெளிவுறப் பேணப்படவேண்டும் என்பதை இது வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கதிர்வீச்சு, காமாக் கதிர், புற ஊதாக் கதிர், சடுதிமாற்றம், நிலக்கடலை, எள், திண்டிவனம், மகரந்த மலட்டுத்தன்மை.

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பர். ‘மணிலாக்கொட்டை’ என்னும் பெயர் பேச்சில் தேய்ந்து இவ்வாறு வழங்குகிறது. இப்பெயரே இப்பயிர் கடல்கடந்து வந்ததென்பதை நினைவூட்டும். தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் இம்மண்ணிற்குரியதாக மாறியதில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திற்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் இந்நிலையம் வெளியிட்ட இரகங்கள் ‘டி.எம்.வி.’ என்னும் முன்னெழுத்துகளால் நாடெங்கும் அறியப்படுகின்றன. குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தெரிவு செய்யப்பட்டு 1940இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2, டென்னசி வெள்ளை வகையிலிருந்து பெறப்பட்ட டி.எம்.வி. 7 ஆகியன அவற்றுள் நன்கறியப்பட்டவை. டி.எம்.வி. 10 என்னும் இரகம், அர்ச்சென்டினா வகையில் இயற்கையாகத் தோன்றிய சடுதிமாற்றத்திலிருந்து தெரிவு செய்யப்பட்டது.

இக்கடைசிச் செய்தி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. சடுதிமாற்றம் என்பது அணு ஆய்வகத்தில் மட்டும் நிகழ்வதன்று. வயலில் எவர் தூண்டுதலுமின்றி அரிதாக நிகழ்ந்துகொண்டே இருப்பது. கதிர்வீச்சு அதன் நிகழ்வெண்ணைப் பன்மடங்கு பெருக்குகிறது. எனினும் கதிர்வீச்சின் எல்லா வகைகளும் இதனைச் செய்வதில்லை. செய்யும் வகைகளும் ஒரே முறையில் செய்வதில்லை. பயிர்க் கதிரூட்டம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் இவ்வேறுபாடுகள் மங்கிவிடும்போது, உழவர்க்குச் செல்லும் பரிந்துரையும் பிழையாகிவிடுகிறது.

2. ஆற்றலின் அளவும் செயற்படும் முறையும்

கதிர்வீச்சு வகைகளை வேறுபடுத்த எளிய வழி, ஒரு துகள் அல்லது ஒளியன் சுமந்துவரும் ஆற்றலை ஒப்பிடுவதாகும். ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றி அதனை அயனியாக்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 900 மெகாஹெர்ட்சு அலைபேசி அலையின் ஒளியனில் உள்ளது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ நான்கு பங்கே. 660 நானோமீட்டர் செந்நிற ஒளியில் ஏறத்தாழ 1.9, 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 4.1 எலக்ட்ரான் வோல்ட் உள்ளன. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களோ 11.7 இலட்சம், 13.3 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை.

இதிலிருந்து மூன்று தொகுதிகள் தெளிவாகும். முதலாவது, வெப்பமூட்டுவதன்றி மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்க இயலாத வானொலி, நுண்ணலைகள். இரண்டாவது, குறிப்பிட்ட நிறமிகளாலும் மூலக்கூறுகளாலும் உறிஞ்சப்பட்டு வேதிமாற்றத்தைத் தூண்டும் கட்புலனாகும் ஒளியும் புற ஊதாக் கதிரும். மூன்றாவது, வழியிலுள்ள எந்த மூலக்கூறையும் வேறுபாடின்றி அயனியாக்கும் ஊடுகதிர், காமாக் கதிர், ஆல்ஃபா, பீட்டாத் துகள்கள், நியூட்ரான், அயனிக்கற்றை ஆகியவை. நியூட்ரான் மின்னூட்டமற்றதாதலின் அணுக்கருக்களோடு மோதியோ அவற்றால் கவரப்பட்டோ மறைமுகமாக அயனியாக்குகிறது.

உறிஞ்சப்பட்ட அளவைக் குறிக்கும் அலகு ‘கிரே’. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு சூல் ஆற்றலை ஏற்பது ஒரு கிரே. நிலக்கடலை விதைக்கு 250 கிரே அளிக்கப்படுவதாகக் கொள்வோம். அதே ஆற்றல் முழுவதும் நீரில் வெப்பமாக மாறினாலும் வெப்பநிலை 0.06 பாகை செல்சியசு மட்டுமே உயரும். எனவே அயனியாக்கும் கதிரின் பாதிப்பு வெப்பத்தால் விளைவதன்று. ஆற்றல் மிக நுண்ணிய இடங்களில் குவிந்து, டி.என்.ஏ. இழைகளை வெட்டுவதே அதன் தன்மை.

3. செய்தியாகும் ஒளி: வளர்ச்சியும் பூத்தலும்

400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி ஒளிச்சேர்க்கைக்கு ஆற்றல் தருகிறது. இதனினும் வேறான பணி ஒன்றையும் ஒளி ஆற்றுகிறது. பைட்டோகுரோம் என்னும் நிறமி 660 நானோமீட்டர் அளவிலான செவ்வொளிக்கும் 730 நானோமீட்டர் அளவிலான தொலைச் செவ்வொளிக்கும் இடையேயான விகிதத்தை உணர்கிறது. திறந்தவெளியில் இவ்விகிதம் ஏறத்தாழ 1.2. இலைகள் செவ்வொளியை உறிஞ்சித் தொலைச் செவ்வொளியைக் கடத்திவிடுவதால், மரநிழலில் இது பெரிதும் குறைகிறது. மா, சவுக்குத் தோப்புகளின் ஓரத்தில் விதைக்கப்படும் பயிர் கணுவிடை நீண்டு, கிளைத்தல் குன்றி நிற்பதற்கு ஒளியின் அளவு குறைவது மட்டுமன்றி இவ்விகிதச் சரிவும் காரணமாகும்.

எள் அடிப்படையில் குறும்பகல் தாவரம். விழுப்புரம் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால் இங்குப் பகற்பொழுது ஆண்டில் ஏறத்தாழ பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டே முக்கால் மணிக்கும் இடையே மாறுகிறது. இவ்வேறுபாடு சிறிதெனினும், பூக்கும் காலத்தையும் அதற்கு முந்திய தழை வளர்ச்சியையும் மாற்றப் போதுமானது. ஒரு பட்டத்திற்கு உகந்த எள் இரகம் மற்றொரு பட்டத்தில் அதே விளைச்சலைத் தராமைக்கு வெப்பநிலை, மழை ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம்.

நிலக்கடலையில் ஒளியின் பங்கு இன்னும் வியப்பிற்குரியது. பூ தரைக்கு மேலே மலர்ந்து தன்மகரந்தச் சேர்க்கை அடைகிறது. கருவுற்றபின் கரு சில செல் பகுப்புகளோடு நின்றுவிடுகிறது. சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, ‘விழுது’ என்று வழங்கப்படும் சூலகக்காம்பாகி மண்ணை நோக்கி வளர்கிறது. அது ஒளியில் இருக்கும்வரை கரு வளர்வதில்லை. மண்ணுள் நுழைந்து இருளும் மண்ணின் உராய்வும் கிடைத்தபின் காம்பின் நீட்சி நிற்கிறது; கரு வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது; நுனி கிடைமட்டமாகத் திரும்பிக் காயாகப் பருக்கிறது. ஆக, தழைக்கு உயிராகும் அதே ஒளி காய்க்குத் தடையாகிறது. இத்தடையிலும் பைட்டோகுரோம் பங்கேற்கிறது.

பூத்தபின் மண் அணைத்தலும், எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண்ணோடு கலத்தலும் இவ்வட்டார உழவர் நன்கறிந்த செயல்கள். முன்னது மேற்கிளைகளின் விழுதுகளை விரைவில் இருளுக்குள் சேர்க்கிறது. பின்னது காய் தன் தோல் வழியாக நேரே உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்தை அளிக்கிறது. நீராவிப்போக்கு இல்லாத நிலத்தடிக் காய்க்கு வேர்வழிச் சுண்ணாம்பு போதிய அளவில் வந்து சேர்வதில்லை என்பதே இதற்குக் காரணம். ஒளியுணர்வின் அறிவியல் இங்கு வேளாண் நடைமுறையோடு நேரடியாக இணைகிறது.

4. புற ஊதாக் கதிர்

ஞாயிறு இவ்வட்டாரத்தின் உச்சிக்கு நேராக ஆண்டில் இருமுறை, ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகத்து பிற்பகுதியிலும் வருகிறது. ஆதலின் சித்திரையிலும், ஆடிப்பட்டப் பயிர் வளரும் காலத்திலும் புற ஊதா-பி கதிரின் செறிவு மிகுதி. 280 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட புற ஊதா-சி கதிரை ஓசோன் படலமும் வளிமண்டலமும் முற்றிலும் தடுத்துவிடுகின்றன. 280 முதல் 315 வரையிலான புற ஊதா-பி கதிரின் ஒரு பகுதியே நிலத்தை எட்டுகிறது.

புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள பிரிமிடின் காரங்களைப் பிணைத்து இரட்டைகளாக்குகிறது. இது இழையை வெட்டுவதன்று, முடிச்சிடுவது. இம்முடிச்சை அவிழ்க்க ஃபோட்டோலயேசு என்னும் நொதி தாவரத்தில் உள்ளது. அது செயற்பட நீல ஒளியும் புற ஊதா-ஏ கதிரும் தேவை. எனவே பாதிப்பைத் தரும் வெயிலே பழுதுபார்ப்பிற்கான ஆற்றலையும் தருகிறது. இதனால்தான், மங்கலான ஒளியுள்ள ஆய்வக அறையில் புற ஊதா விளக்கின்கீழ் வளர்க்கப்பட்ட நாற்றுகள் காட்டும் பாதிப்பு, திறந்த வயலின் பாதிப்பைக் காட்டிலும் மிகுந்து தோன்றும். ஆய்வக முடிவை வயலுக்குப் பொருத்துவோர் பின்னணி ஒளியின் செறிவையும் குறிப்பிடுதல் வேண்டும்.

குறைந்த அளவிலான புற ஊதா-பி கதிரை யு.வி.ஆர்.8 என்னும் ஏற்பி உணர்ந்து, மேற்றோலில் பிளேவனாய்டுகளைத் திரட்டச் செய்கிறது. இவை கதிரை வடிகட்டும் திரையாகின்றன. இலை தடித்தல், தண்டு குறுகல் ஆகியனவும் இதனைத் தொடர்ந்து நிகழலாம். இவை தகவமைவுகள்; மரபு மாற்றங்களல்ல. புற ஊதாக் கதிர் விதையின் தோலைத் தாண்டி உள்ளிருக்கும் கருவைச் சென்றடையும் ஊடுருவல் திறன் அற்றது. எனவே முழு விதையில் புற ஊதாக் கதிரைச் செலுத்திச் சடுதிமாற்றம் பெற முயல்வது பயனற்றது. தனிச்செல்கள், மெல்லிய திசுக்கள், மகரந்தம் ஆகியவற்றிற்கே அம்முறை பொருந்தும்.

5. அலைபேசிக் கோபுரம் பற்றிய ஐயம்

தென்னையில் குரும்பை உதிர்தல், சிட்டுக்குருவி குறைதல் ஆகியவற்றை அலைபேசிக் கோபுரத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. இவ்வலைகளின் ஒளியன் ஆற்றல் டி.என்.ஏ. பிணைப்பை உடைக்கத் தேவையானதைவிடப் பல இலட்சம் மடங்கு குறைவு. ஏற்கப்பட்ட முதன்மை விளைவு வெப்பமூட்டலே. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பு பன்னாட்டு வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. அந்த அளவில் இலையின் வெப்பநிலை உயர்வு பொருட்படுத்தத்தக்கதன்று. குரும்பை உதிர்வுக்கு நீர்ப்பற்றாக்குறை, போரான் குறைவு, ஈரியோஃபைட் சிலந்தி போன்ற காரணங்களை முதலில் ஆராய்வதே முறையாகும்.

6. அயனியாக்கும் கதிர்: அடர்த்தியின் வேறுபாடு

காமாக் கதிரும் ஊடுகதிரும் செல்லின் வழியே செல்லும்போது அயனிகளை இடைவெளிவிட்டுத் தோற்றுவிக்கின்றன. நியூட்ரான் மோதலால் வெளிப்படும் புரோட்டான்களும், அயனிக்கற்றைகளும் அவற்றை நெருக்கமாகத் தோற்றுவிக்கின்றன. ஆதலின் ஒரே கிரே அளவிலும் பின்னவை டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அருகருகே வெட்டும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய வெட்டைச் செல் பிழையின்றி இணைப்பது கடினம். சிறு துண்டு இழப்பு முதல் குரோமோசோம் இடப்பெயர்ச்சி வரை விளைவுகள் ஏற்படும்.

காமாக் கதிரின் பாதிப்பில் பெரும்பகுதி நீர் வழியாக நிகழ்கிறது. நீர் மூலக்கூறு சிதைந்து உருவாகும் ஹைட்ராக்சில் உறுப்புகள் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. இங்கே விதையின் ஈரப்பதம் முக்கிய இடம்பெறுகிறது. மிக உலர்ந்த விதையில் இவ்வுறுப்புகள் நகராமல் நெடுநேரம் தங்கி, பின்னர் ஆக்சிசனோடு சேர்ந்து பாதிப்பை மிகுவிக்கின்றன. 12 முதல் 14 விழுக்காடு ஈரப்பதத்தில் ஆக்சிசனின் இவ்விளைவு மிகக் குறைவு. ஊறவைத்த விதையில் செல்பகுப்பு தொடங்குவதால் உணர்திறன் மீண்டும் உயர்கிறது. ஆகவே ‘200 கிரே அளிக்கப்பட்டது’ என்னும் குறிப்பு விதையின் ஈரப்பதம் கூறப்படாவிடில் முழுமையடையாது. 

நீர் நிறைந்த, பகுப்படையவல்ல திசுவின் உணர்திறனுக்கு வெங்காயம் நல்ல சான்று. மகாராட்டிரத்தின் லாசல்கானில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த ‘கிருசக்’ கூடத்தில் வெங்காயத்தின் முளைப்பைத் தடுக்க 60 முதல் 90 கிரே வரையிலான அளவே போதுமானது. அவ்வளவைத் தாங்கும் உலர்ந்த நிலக்கடலை விதையோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட அளவிலும் செடியாகிக் காய்க்கவல்லது. இவ்விரு நிகழ்விலும் உணவுப்பொருளோ விதையோ கதிரியக்கம் பெறுவதில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். கோபால்ட்-60 காமாக் கதிர் அணுக்கருவை மாற்றும் ஆற்றல் உடையதன்று.

இனங்களுக்கிடையேயும் உணர்திறன் வேறுபடும். பெரிய குரோமோசோம்களைக் கொண்ட இனங்கள் எளிதில் பாதிப்படைகின்றன. 1986இல் செர்னோபில் விபத்திற்குப்பின் அருகிலிருந்த ஊசியிலைப் பைன் காடு செந்நிறமாகி மடிந்தது; இடையே நின்ற பிர்ச்சு மரங்கள் பல பிழைத்தன. மரக்காணம் கடற்கரை நெடுகக் காணும் சவுக்கு, பார்வைக்குப் பைன்போல் தோன்றினும் பூக்குந் தாவரமாதலின் அதனை இவ்வகையில் பைனோடு ஒப்பிடுதல் தகாது.

7. முதல் தலைமுறையில் நிகழ்வன

கதிரூட்டப்பட்ட விதையிலிருந்து வளரும் செடிகள் ‘எம்1’ தலைமுறை எனப்படும். இத்தலைமுறையில் முளைப்பு தாமதமாதல், நாற்றின் உயரம் குறைதல், இலை சுருங்குதல், பூத்தல் தள்ளிப்போதல், மகரந்த மலட்டுத்தன்மை, காய்ப்பிடிப்புக் குறைதல் ஆகியன அளவு உயர உயர மிகுகின்றன.

இவற்றை அளப்பதில் ஒரு பொதுப்பிழை நேர்கிறது. முளைப்பு விழுக்காட்டை மட்டும் கொண்டு உணர்திறனை மதிப்பிடுவது அப்பிழை. முளைவேர் வெளிப்படுதல் பெரிதும் ஏற்கெனவே உள்ள செல்கள் நீரேற்று விரிவதால் நிகழ்கிறது. அதற்குச் செல்பகுப்பு தேவையில்லை. பகுப்பு முற்றிலும் நின்றுபோகும் அளவிற்குக் காமாக் கதிரூட்டிய கோதுமை விதைகளும் முளைத்துச் சிறு நாற்றாகி நின்றதை ஆய்வாளர்கள் நெடுங்காலம் முன்னரே காட்டியுள்ளனர். எனவே நாற்றின் உயரம் பாதியாகக் குறையும் அளவையும், முப்பதாம் நாளிலும் அறுவடையிலும் உயிர்பிழைத்த செடிகளின் விழுக்காட்டையும் கணித்தலே தகும்.

இனப்பெருக்கத்தின் மீதான விளைவு வேறுவகையில் எழுகிறது. உடல் செல்களில் குரோமோசோம் இடப்பெயர்ச்சி நிகழ்ந்தாலும் மரபுப்பொருள் மொத்தத்தில் குறையாததால் செடி இயல்பாகத் தோன்றலாம். குன்றல் பகுப்பின்போது அக்குரோமோசோம்கள் நான்கு சேர்ந்த வளையங்களாக இணைய நேர்கிறது. அவை பிரியும்போது ஏறத்தாழ பாதி மகரந்தத்திலும் சூலிலும் சில பகுதிகள் இரட்டித்தும் சில குறைந்தும் போகின்றன. அவை மலடாகின்றன. பசுமையாக வளர்ந்த செடி காய்ப்பில் ஏமாற்றுவதற்கு இது காரணம். தழை வளர்ச்சியையும் கருவளத்தையும் தனித்தனியே பதிவு செய்யவேண்டிய தேவை இதிலிருந்து விளங்கும்.

குறைந்த அளவுகளில் நாற்றின் உயரமோ முளைப்பு வேகமோ சற்று மிகுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இது ஊக்கவிளைவு எனப்படும். இது உண்மையாக நிகழக்கூடியதே. எனினும் விதைத்தொகுதி, ஈரப்பதம், சேமிப்புக்காலம் ஆகியவற்றைப் பொறுத்துத் தோன்றியும் மறைந்தும் போவது. அடுத்த தலைமுறைக்குத் தொடர்வதன்று. எம்1 தலைமுறையில் 10 விழுக்காடு உயரம் கூடியதைக் கொண்டு ‘விளைச்சலை உயர்த்தும் அளவு’ எனப் பரிந்துரைப்பது சான்றை மீறிய கூற்றாகும்.

8. மரபுவழித் தொடர்வன

விதையினுள் இருக்கும் கரு ஒரு செல் அன்று. பல செல்களாலான ஆக்குத்திசு. நிலக்கடலை விதையில் முதன்மை அச்சோடு இரு வித்திலைக் கோணக் கிளைகளின் தொடக்கமும் முன்பே அமைந்துள்ளது. கதிர் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு மாற்றத்தைத் தோற்றுவிப்பதால், எம்1 செடி மரபில் வேறுபட்ட திசுக்களின் கலவையாகிறது. ஒரு கிளையின் காய்களில் உள்ள மாற்றம் மறுகிளையின் காய்களில் இல்லாதிருக்கலாம். ஆதலின் கிளைவாரியாகக் காய் சேகரித்து எம்2 குடும்பங்களாக வளர்த்தல் நன்று.

ஒடுங்கு சடுதிமாற்றம் எம்2 தலைமுறையில் நான்கில் ஒன்றாக வெளிப்படுவதாகக் கொண்டால், குடும்பத்திற்குப் பத்துச் செடிகள் மட்டும் வளர்ப்போர் அதனைத் தவறவிடும் வாய்ப்பு 5.6 விழுக்காடு, பதினாறு செடிகள் வளர்த்தால் அது 1 விழுக்காடாகக் குறையும். கலவைத் திசுவால் விகிதம் நான்கில் ஒன்றுக்கும் கீழிறங்குவதால் நடைமுறையில் இதனினும் கூடுதலான செடிகள் தேவை.

நிலக்கடலையில் மேலும் இரு தடைகள் உள. முதலாவது, அது இரு மூதாதை இனங்களின் மரபுத்தொகுதிகளை ஒருங்கே கொண்ட 40 குரோமோசோம் நான்மயம். ஒரு தொகுதியில் மரபணு செயலிழந்தாலும் மறுதொகுதியின் இணை அப்பணியை ஆற்றிவிடுகிறது. இதனால் நிலக்கடலை கதிரைத் தாங்குகிறது. அதே காரணத்தால் சடுதிமாற்றத்தை மறைக்கவும் செய்கிறது. 26 குரோமோசோம்களைக் கொண்ட இருமய எள்ளில் இம்மறைப்பு குறைவு. இரண்டாவது, நிலக்கடலையின் விதைப்பெருக்க விகிதம் எட்டு முதல் பத்து மடங்கு மட்டுமே. பெரிய எம்2 தொகுதியை வளர்க்க நிலமும் காலமும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. இதனால் ஆய்வு எம்1 தலைமுறையோடு நின்றுவிடும் நிலை நேர்கிறது.

9. கதிர்வழி பெற்ற இரகங்கள்

பழ ஈக்களில் முல்லர் 1927இலும், வாற்கோதுமை, மக்காச்சோளத்தில் சுடாட்லர் 1928இலும் ஊடுகதிரால் சடுதிமாற்றம் தோன்றுவதைக் காட்டினர். நிலக்கடலையில் முதல் பெருமுயற்சி அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரகரி 1949இல் தொடங்கியது. அதன் பயனாக என்.சி. 4எக்சு என்னும் இரகம் 1959இல் வெளிவந்தது. இந்தியாவில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் சுபானிசு வகை நிலக்கடலையில் ஊடுகதிர் செலுத்திப் பெற்ற டி.ஜி. 1 இரகம் 1973இல் வெளியிடப்பட்டது. 1991இல் வெளிவந்த டி.ஏ.ஜி. 24 குட்டையான செடியையும், மொத்த உயிர்ப்பொருளில் காயின் பங்கு மிகுதியாதலையும் கொண்டு பரவியது. இவ்விரகம் நேரடிச் சடுதிமாற்ற இரகம் அன்று. கதிர்வழி வந்த கால்வழிகளைக் கலப்பினம் செய்து பெற்றது. பயிர்ப்பெருக்கத்தில் சடுதிமாற்றத்தின் நிலைத்த பயன் பெரும்பாலும் இவ்வழியிலேயே கிட்டுகிறது.

ஆமணக்கில் எச்.சி. 6 வகையில் வெப்ப நியூட்ரான் செலுத்திப் பெற்ற ‘அருணா’ இரகம், 270 நாள் வாழ்நாளை ஏறத்தாழ 120 நாளாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில், ஈரோடு வட்டார மஞ்சளில் ஊடுகதிர் செலுத்திப் பெற்ற கோ 1, பி.எஸ்.ஆர். 1 ஆகியன வெளிவந்தன. மஞ்சள் மும்மயமாதலின் வளமான விதை தருவதில்லை, கலப்பினம் அரிது. கிழங்கின் மொட்டைக் கதிரூட்டி, மாறிய பகுதியைத் தண்டுவழியே பெருக்குதல் அங்கு ஏற்ற வழியாகிறது. கொள்ளில் கோ 1 வகையைக் காமாக் கதிரூட்டிப் பெற்ற பையூர் 2, மிளகாயில் கே 1 வகையிலிருந்து பெற்ற எம்.டி.யு. 1 ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை.

எள்ளின் பெருங்குறை முற்றிய காய் வெடித்து விதை சிந்துதல். வெனிசுவேலாவில் இலாங்கம் 1943இல் வெடியாக் காயுடைய இயற்கைச் சடுதிமாற்றச் செடி ஒன்றைக் கண்டறிந்தார். ஆயினும் அதே மரபணு இலையைக் குழித்து, தண்டை முறுக்கி, கருவளத்தையும் குறைத்தது. விரும்பிய பண்போடு விரும்பாதவையும் சேர்ந்து வருதல் என்னும் இச்சிக்கல் கதிர்வழிச் சடுதிமாற்றங்களுக்கும் பொருந்தும். இசுரேலில் ஆசிரி காமாக் கதிரால் பெற்ற வரம்புடை வளர்ச்சி எள், காய்கள் ஒருசேர முற்றும் பண்பை வளர்க்க முயலும் வழி ஒன்றைத் திறந்தது.

10. ஆய்வாளர் கருதவேண்டியவை

இவ்வட்டாரக் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் போன்ற இடங்களில் விதைகளைக் கதிரூட்டிப் பெறுகின்றனர். அவர்தம் ஆய்வேடுகள் ஒப்பிடத்தக்கனவாக அமையப் பின்வருவன பதிவாதல் வேண்டும்.

முதலாவது, அளவை கிரே அலகில் தருதல். பழைய ஏடுகளின் 10 கிலோ ராண்ட்ஜன் திசுவில் நூறு கிரேக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, கதிரூட்டிய நாளின் அளவு வீதத்தைத் தருதல். கோபால்ட்-60 இன் அரைவாழ்வு 5.27 ஆண்டுகளாதலின் மூலத்தின் வலிமை ஆண்டிற்கு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது. பழைய வீதத்தைக் கொண்டு நேரத்தைக் கணித்தால் அளவு பிழையாகும். மூன்றாவது, விதையின் ஈரப்பதம், அறுவடைக்குப்பின் கழிந்த காலம், கதிரூட்டியபின் விதைத்த நாள் ஆகியவற்றைக் குறித்தல். நான்காவது, அதே பயணமும் சேமிப்பும் பெற்ற, கதிரூட்டாத விதையை ஒப்பீட்டுக்கு வைத்தல். ஐந்தாவது, எம்1 பாதிப்பை ‘சடுதிமாற்றம்’ என்று பெயரிடாமை. அச்சொல் எம்2, எம்3 தலைமுறைகளில் மெய்யாகத் தொடர்ந்த பண்பிற்கே உரியது.

அறுவடை நேரத்து மழையில் கொத்து வகைக் கடலை மண்ணிலேயே முளைத்துவிடுதல் இவ்வட்டார உழவரின் நெடுநாள் இழப்பு. இரண்டு, மூன்று வாரகால விதையுறக்கம் ஒன்றே அதனைத் தடுக்கும். அத்தகைய பண்பைத் தேடுவோர் எம்1 நாற்றின் உயரத்தை அளந்து நிற்பதில் பயனில்லை. எம்2 தலைமுறையின் புதுக் காய்களை அறுவடை நாளிலேயே ஈரத்தில் வைத்து முளைக்காதவற்றைத் தெரிவு செய்தல் வேண்டும். ஆய்வின் வினா உழவனின் வயலிலிருந்து எழுமாயின், எப்பண்பை எத்தலைமுறையில் அளப்பது என்பது தானே தெளிவாகும்.

11. முடிவுரை

ஒளி தாவரத்திற்கு ஆற்றலும் செய்தியுமாகிறது; நிலக்கடலைக் காய்க்கு அது இல்லாமையும் ஒரு செய்தியே. புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் பாதித்து, தகவமைவையும் பழுதுபார்ப்பையும் தூண்டுகிறது. வானொலி அலைகள் வெப்பமூட்டும் அளவினைத் தாண்டிச் செயற்படுவதில்லை. அயனியாக்கும் கதிர் மட்டுமே விதையின் உள்ளே சென்று மரபுப்பொருளை வெட்டுகிறது. அதன் விளைவிலும் பெரும்பகுதி முதல் தலைமுறையோடு மறையும் பாதிப்பு. சிறுபகுதியே தொடரும் மாற்றம். அதிலும் மிகச் சிறுபகுதியே உழவர்க்குப் பயன்படும் பண்பு. இம்மூன்றையும் பிரித்துக் காட்டும் ஆய்வே, டி.எம்.வி. 10 போல ஒரு செடியில் தோன்றிய மாற்றத்தைப் பயிர் இரகமாக்கும் பணிக்கு உதவும்.